கோடு காயட்டும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. உன் நலம் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குளிர்ந்த துணிக்கு அடியில், வீங்கிப்போன இரண்டு இமைகளுக்குள் படுத்திருக்கிறது. அதனால் முறையை விட்டுவிட்டு நேராக வருகிறேன்.

இந்தக் கடிதத்தை நீ படிக்கப் போவதில்லை, உன் அறைத்தோழிதான் உனக்குப் படித்துக் காட்டுவாள் என்று அப்பா சொன்னார். அப்படியானால் முதலில் அவளிடம் பேசிவிடுகிறேன். அம்மாடி, என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துக்கொள். பத்தி முடிகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படி. அவள் அழுகிற மாதிரி தெரிந்தால் கடிதத்தை மூடி வைத்துவிடு, தையலில் கண்ணீர் படக் கூடாதாம். சிரிக்க வைக்கலாம் என்று நினைக்கிறேன், அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

போனில் பேசினால் என்ன என்று நீ கேட்பாய். போனில் பேசினால் நான் மூக்கை உறிஞ்சுவேன், நீ "அம்மா, போதும்மா" என்று வைத்துவிடுவாய். காகிதம் அப்படிப் பாதியில் வைக்காது. படத்தோடு பேசுகிற போன் இன்னும் மோசம். திரையின் வெளிச்சம் உனக்கு ஆகாது என்றாய். நீ அப்படிச் சொன்னது வெளிச்சத்துக்காகத்தானா, நான் பார்த்துவிடுவேன் என்பதற்காகவா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை, சும்மா எழுதினேன்.

செய்து முடித்துவிட்டுச் சொன்னாய். மேல் இமையில் ஒரு மடிப்பு விழுவதற்காகக் கீறித் தைத்திருக்கிறார்கள், ஒன்றும் பெரிதில்லை, வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன் என்று நீ சொல்லிக்கொண்டு போனாய். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். அப்பா டிவியை அணைத்தார். அணைத்த டிவியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "வலிக்குதாமா?" என்று என்னிடம் கேட்டார், ஏதோ எனக்குத்தான் தைத்திருக்கிறது போல.

தோழிப்பெண்ணுக்கு ஒன்றும் புரியாது, சொல்லிவிடுகிறேன். நான் பொம்மைத் தொழிற்சாலையில் கண் எழுதுகிறவள். தட்டுத் தட்டாக வெறும் தலைகள் வரும். கண்ணுக்கு மேலே மெல்லிய பிரஷ்ஷால் பழுப்பு நிறத்தில் வளைந்த கோடு ஒன்று இழுக்க வேண்டும். அதுதான் இமை மடிப்பு. அந்தக் கோடு விழுந்ததும் பொம்மை விழித்துக்கொள்ளும். அதுவரைக்கும் அது பிளாஸ்டிக்தான். எனக்கு அந்தக் கோடு கிடையாது. என் இமை மடிப்பில்லாமல் நேராக இறங்கி நிற்கும், மழைக்கு இறக்கி விட்ட படுதா மாதிரி. என் பட்டறையில் எல்லோரும் என்னை "தூக்கம்" என்றுதான் கூப்பிடுவார்கள். "தூக்கம் வந்துடுச்சா? தூக்கம் சாப்பிட்டாச்சா?" இதைக் கேட்டுச் சிரிக்காத புதுப்பெண் அங்கே கிடையாது. இவள் அப்பாவுக்கு அகலமான கண், மடிப்பெல்லாம் உண்டு. ஆனால் பிறந்த அன்றைக்கு வந்து பார்த்த அத்தனை பேரும் அம்மாவை உரிச்சு வச்சிருக்கு என்றார்கள். அவர் பாவம், மூக்காவது என்னுடையது இல்லையா என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், சட்டம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நீ அவர்கள் கண்ணைப் பார்த்தால் அவர்களும் உன் கண்ணைத்தானே பார்ப்பார்கள். தூங்கி எழுந்து நேராக வந்துட்டீங்களா என்று கேட்ட வாடிக்கையாளரைப் பற்றி முன்பு ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாய். இப்போதுதான் புரிகிறது, அந்தச் சிரிப்பை நீ வெளியே எடுப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டிருக்கிறாய்.

இன்னொன்று சொல்கிறேன், திட்டாதே. கண்ணில் களிம்பு போட்டால் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது என்றாய் அல்லவா. விடுமுறை மதியம், அப்பா கண்ணுக்குப் போடும் களிம்பை எடுத்து நானும் கொஞ்சம் போட்டுக்கொண்டு படுத்தேன். ஜன்னல் முதலில் கரைந்தது. திரைச்சீலை தண்ணீருக்குள் போய்விட்டது. எதிர் வீட்டில் உலர்த்தியிருந்த மஞ்சள் துண்டு ஒரு பெரிய வெளிச்சமாகி, மூச்சு விடுகிறது போல விரிந்து விரிந்து சுருங்கியது. யாரோ உயரமான ஆள் வந்து வாசலில் நின்றார். முகமே இல்லை, நல்லவர் என்று மட்டும் தெரிந்தது. பார்த்தால் அப்பா. கையில் களிம்புக் குழாயோடு, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். பயமாக இல்லை, கண்ணு. நீ இருக்கிற இடம் எப்படியிருக்கும் என்று பார்த்துவிட்டு வந்தது போல இருந்தது. கொஞ்சம் அழகாகவே இருந்தது.

கண்ணு என்று எழுதப் பேனா தயங்கியது. பழகின வாய், என்ன செய்ய.

மல்லாந்து படு, தலையணையை உயரமாக வை. அரித்தால் தொடாதே. எல்லாம் சுகமாகி, நினைத்தபடி நன்றாக இரு. அம்மாடி, படித்ததற்கு உனக்கும் நன்றி. ஒத்தடத் துணி சூடானதும் மாற்றிவிடு.

அன்புடன்,
அம்மா


அன்பு மகளுக்கு,

தையல் பிரித்தாகிவிட்டது, கடைக்கும் போகத் தொடங்கிவிட்டாய் என்று தெரிந்து மகிழ்ச்சி. நிறக்கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறாயாமே, கடைக்காரர் அதையே விளம்பரமாக்கிவிட்டார் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். இரண்டு பக்கம் படித்தால் கண் எரிகிறது என்றாய். அதனால் மேல் பாதியை நீ படி, கீழ்ப் பாதியைத் தோழியிடம் கொடு. சண்டை போடாமல் பிரித்துக்கொள்ளுங்கள்.

நீ அனுப்பிய படத்தை அப்பா ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போய்க் காகிதத்தில் போட்டு வாங்கி வந்தார். போனில் இருந்தால் விரல் பட்டுப் பட்டு ஓடிவிடுகிறது, கையில் நிற்பதில்லை என்பது அவர் கட்சி. அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ கேட்காமலே. வலது கண் அழகாக இருக்கிறது. நான் பொய் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும், கோடு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஞானமும் உண்டு. மெல்லியதாக, மூக்குப் பக்கத்தில் ஆரம்பித்து வால் பக்கம் லேசாக எழும்பிப் போகிறது. இப்படி ஒன்று என் பிரஷ்ஷில் வந்திருந்தால் அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்திருப்பேன்.

இடது கண் இன்னும் வரவில்லை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. வலது வந்து உட்கார்ந்துவிட்டது, இடது இன்னும் வழியில் இருக்கிறது. வீக்கம் மடிப்பின் மேல் சாய்ந்திருக்கிறது, கோடு தடித்துச் சிவந்திருக்கிறது, கண் பாதி திறந்தது போல இருக்கிறது. தழும்பு பல மாதம் சிவந்து கட்டியாக இருந்துவிட்டு மெல்ல மெல்ல அடங்கும், ஒரு வருடம்கூட ஆகலாம், இரண்டு கண்ணும் ஒரே வேகத்தில் ஆறாது என்று டாக்டர் சொன்னதாக நீதான் சொன்னாய். நீ சொன்னதை உனக்கே சொல்கிறேன்.

இப்போது ஒரு கூத்து சொல்கிறேன். பட்டறையில் என் மேசைக்கு முன்னால் முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி உண்டு, எங்கள் எல்லோருக்கும் உண்டு. கண்ணாடியின் ஓரத்தில் மாதிரி அட்டை செருகியிருக்கும். இந்த முறை ஆர்டருக்கு எந்தக் கண், எவ்வளவு வளைவு, எவ்வளவு கனம் என்பதெல்லாம் அந்த அட்டையில் வரைந்திருக்கும். கை தளர்ந்தால் நிமிர்ந்து அட்டையைப் பார்ப்போம், குனிந்து எழுதுவோம். நாள் போகப் போக நிமிர்வதும் குனிவதும் மூச்சு விடுவது மாதிரி ஆகிவிடும், பார்த்தது தெரியாது, எழுதினதும் தெரியாது. நான் உன் படத்தைக் கொண்டுபோய் அந்த அட்டைக்குப் பக்கத்தில் செருகி வைத்தேன். வேறெங்கே வைப்பது, நாளெல்லாம் நான் பார்க்கிற இடம் அதுதானே.

அன்றைக்கு வெளியே பிடித்த மழை விடவே இல்லை. ஜன்னல் முழுக்கப் பால் மாதிரி வெளிச்சம். எனக்கு வேலை அப்படியே வழுக்கிக்கொண்டு போனது, இவ்வளவு சுகமாகக் கை போய் ரொம்ப நாள் ஆயிற்று. எழுதின தலைகளை எனக்கு அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கே உதடு எழுதுகிறவள் இருக்கிறாள், உதட்டுக்காரி என்று உனக்கு அடிக்கடி சொல்வேனே, அவள்தான். கொஞ்ச நேரமாக அவள் பக்கம் தட்டு நகரவே இல்லை. திரும்பினால், பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். "அக்கா, இன்னிக்கு உங்க பொம்மைங்களுக்கு என்னால சிரிப்பு வைக்க முடியல. எல்லாம் இப்பதான் அழுது முடிச்சுட்டு உட்கார்ந்திருக்கு," என்றாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன். தட்டு முழுக்க நீ. வலது கண் ஒழுங்கு, இடது கண் தடித்து, பாதி இறங்கி, மேல் கோடு சிவப்பேறி. பழுப்பில் சிவப்பை எப்போது கலந்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. வரிசை வரிசையாக உட்கார்ந்துகொண்டு அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கனவில் நம் வீட்டுக்குள்ளேயே நமக்குத் தெரியாத அறை ஒன்று இருக்குமே, அதற்குள் போய் நின்றது போல நின்றேன்.

மேற்பார்வை அம்மா வந்தார். அந்த அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று உனக்குத் தெரியும். தட்டைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், கண்ணாடி ஓரத்தில் இருந்த உன் படத்தைப் பார்த்தார். நான் அவசர அவசரமாகப் பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். ஈரத்தில் துடைத்தால் கோடு முகமெல்லாம் இழுபடும், அப்புறம் தலையையே தூக்கிப் போட வேண்டியதுதான். இது எங்களுக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது. எனக்கு அது மறந்துபோயிற்று, பார். காயட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டுகளைக் காயவைக்கிற தாங்கியில் ஏற்றினார்கள். நான் மிச்ச நேரம் தலையின் இரண்டு பாதியும் காதுக்குப் பின்னால் சேர்கிற ஒட்டைத் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை பார்த்தேன். அதில் கெடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் போனதும் முதலில் தாங்கியைத்தான் பார்த்தேன். காய்ந்தால் எங்கள் சாயம் ஒடுங்கும், நிறமும் கொஞ்சம் இறங்கும். இது எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அன்றைக்குத் தெரியாதது போலப் பார்த்தேன். இடது கோடு மெலிந்திருந்தது. சிவப்பு போய் நல்ல பழுப்பாகியிருந்தது. வலதும் இடதும் ஒன்றாகிவிடவில்லை. அப்படி எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். இடது கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் அழுது முடித்த முகம் போய்விட்டது. ஏதோ யோசனையில் இருக்கிற முகமாக ஆகிவிட்டது. மேற்பார்வை அம்மா ஒரு தலையை எடுத்து மாதிரி அட்டைக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "தப்புன்னு சொல்ல முடியல. இது வேற பொண்ணு. ஆனா ஆர்டர் இந்தப் பொண்ணுக்கு இல்லையே," என்றார்.

அதனால் துடைத்தோம், காய்ந்த சாயம் மருந்து தொட்டுத் துடைத்தால் சுத்தமாக வந்துவிடும். நான் துடைக்கவில்லை. எனக்குக் கை வரவில்லை என்று உதட்டுக்காரியே துடைத்துக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் மேற்பார்வை அம்மா என் பைக்குள் போட்டார், போட்டுவிட்டு நான் எதுவும் பார்க்கவில்லை என்றார். இப்போது அது நம் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. உதடு இன்னும் எழுதவில்லை. அப்பா தினமும் டீ குடிக்கும்போது அதற்கும் ஒரு வணக்கம் வைக்கிறார்.

உன் படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். இப்போது கைப்பையில் இருக்கிறது.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள். தழும்பில் தடவக் கொடுத்ததைத் தடவு, கொடுக்காததைத் தடவாதே. அந்தக் கடையில் யாராவது ஏதாவது கேட்டால் தூசி விழுந்துவிட்டது என்று சொல், வீணாக விளக்கிக்கொண்டிருக்காதே. சீக்கிரம் இடதும் வந்து சேரட்டும்.

அன்புடன்,
அம்மா


என் கண்ணுக்கு,

இதை நீயே படி. தோழியிடம் கொடுக்காதே, அவள் நல்ல பெண்தான், ஆனால் இது உனக்கு மட்டும். கண் எரிந்தால் பாதியில் நிறுத்திவிட்டு நாளைக்குப் படி. கடிதம் எங்கேயும் போய்விடாது.

அப்பாவிடம் நீ பேசியதை அவர் எனக்குச் சொல்லிவிட்டார். சொல்லக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாயாம், அதையும் சேர்த்துச் சொன்னார். அந்த மனிதரிடம் ரகசியம் சொன்னது உன் தப்பு. உன் டாக்டர் இன்னும் பொறுக்கச் சொல்கிறார், உன்னால் பொறுக்க முடியவில்லை. வேறொரு இடத்தில் விசாரித்திருக்கிறாய். அவர்கள் இப்போதே திறந்து சரிசெய்து தருகிறோம், அதே தழும்பின் மேலேயே கீறி எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள், அடுத்த மாதம் முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவுதானே.

எனக்கு வருத்தம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பூசி மெழுகி எழுத எனக்கு வராது. வருத்தத்தை ஒரு நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். பட்டறைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். இந்தக் கண் உனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் என் கண்ணை எடுத்துப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொண்டாய் என்று நினைத்து நினைத்து எனக்கு அழுகை வந்தது. இந்தக் கண்ணில் அழுதால் சீக்கிரம் வெளியே தெரியாது, அது ஒரு வசதி. சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் புத்தி வந்தது. நான் உனக்குக் கடன் கொடுத்து வைத்திருக்கிறேனா என்ன, திருப்பிக் கேட்பதற்கு? பிறந்த அன்றைக்கே அது உன் கண். மடிக்கவும் உனக்குத்தான் உரிமை. எனக்கு இல்லாத கோடு உன் முகத்தில் விழுந்தால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்கு இன்னும் கொஞ்சம் பழக வேண்டும், அவ்வளவுதான். வலது கண்ணைப் பார்த்துக் கொஞ்சம் பழகிவிட்டேன்.

அதனால் நான் செய்யாதே என்று எழுதவில்லை. இப்போது செய்யாதே என்று எழுதுகிறேன். இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, கண்ணு. மருத்துவம் எனக்குத் தெரியாது. என் பொம்மைகளை வைத்து உனக்கு வைத்தியம் சொல்ல நான் வரவில்லை, தோல் வேறு, பிளாஸ்டிக் வேறு. ஆனால் உன் டாக்டர் சொன்னதும் அதுதானே. ஆறாத தழும்பில் கை வைத்தால் எது வீக்கம், எது நிஜம் என்று வெட்டுகிறவருக்கே தெரியாது என்றார் அல்லவா. பஞ்சைத் தூக்கிக்கொண்டு ஈரத்தில் துடைக்கப் போனேனே, அந்த அவசரம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் யாராவது கையைப் பிடிக்க வேண்டும். நான் இங்கே இருக்கிறேன், கை எட்டவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் தோழி போன வாரம் எனக்கு ஒரு குறிப்பு அனுப்பினாள். அவளைத் திட்டாதே, நான்தான் கேட்டு வாங்கினேன். நீ தூங்கும்போது இடது கண் முழுசாக மூடுவதில்லை, நூலளவு திறந்திருக்கிறது, வெள்ளை தெரிகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது ஆன்ட்டி என்று எழுதியிருந்தாள். உனக்கும் தெரியும் போலிருக்கிறது, அதனால்தான் அவசரப்படுகிறாய். அதை உன் டாக்டரிடம் சொன்னாயா? கண் உலராமல் இருக்கச் சொட்டு மருந்து இருக்கும், இரவில் போட அதே களிம்பு இருக்கும். வெட்கப்படாமல் போய்ச் சொல். சொன்னால்தானே அவர் பார்ப்பார்.

எனக்கு அது பயமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். பயந்தேன். ஆனால் பயத்துக்கு முன்னால் வேறொன்று ஞாபகம் வந்தது. பிறந்த புதிதில் நீ அரைக்கண் திறந்துதான் தூங்குவாய். கீழே ஒரு வெள்ளைக் கீற்று தெரியும், உள்ளே கருவிழி அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டிருக்கும். எனக்கு முதல் பிள்ளை, என்ன தெரியும்? மூச்சு வருகிறதா என்று உன் மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்ப்பேன். அப்பா என்னைக் கேலி செய்துவிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் அவரும் வைத்துப் பார்ப்பார். உன் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "உன்ன விட்டுட்டுத் தூங்க அதுக்கு மனசு வரல. கொஞ்சம் திறந்து வச்சுக்கிட்டுத் தூங்குது," என்றாள். அப்புறம் எப்போது முழுசாக மூடத் தொடங்கினாய் என்று எனக்கு ஞாபகமில்லை. ஒரு நாள் பார்த்தால் மூடியிருந்தது.

நேற்று மதியம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. பட்டறை, ஆனால் நம் வீட்டுச் சமையலறை மாதிரியும் இருந்தது. தாங்கி முழுக்கத் தலைகள். எல்லாம் விழித்திருந்தன. நான் ஒவ்வொன்றாகத் தூங்கு தூங்கு என்று சொல்லிக்கொண்டே போகிறேன், சொல்லச் சொல்ல அவை கண்ணை மூடுகின்றன. மூடினால் கோடே தெரியவில்லை. எந்தத் தலையில் எந்தக் கோடு எழுதினேன், எது சரி, எது கோணல் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் தூங்குகிற முகம், அவ்வளவுதான். கடைசித் தட்டில் நீ இருந்தாய். நீ மட்டும் மூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன், சும்மா உட்கார்ந்தேன். அதற்குள் அப்பா வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அந்த மனிதருக்கு நேரமே தெரியாது.

எழுந்ததும் ஜன்னலுக்குப் போனேன். அந்தப் பொம்மைத் தலை அங்கேயே இருந்தது. சாய்வாக வெயில் விழுந்ததில் இடது கோடு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பழகிவிட்டது போலிருக்கிறது, அதற்கா எனக்கா தெரியவில்லை. உதட்டுக்காரியை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு உதடு எழுதச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அவள் இப்போது வேண்டாம் அக்கா, நீங்க சொல்றப்ப வர்றேன் என்கிறாள். யாரும் அவசரப்படுவதாக இல்லை.

உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். இதுவரை நீ அனுப்பிய படங்கள் எல்லாமே கண்ணைத் திறந்த படங்கள். அகலமாக, கொஞ்சம் கஷ்டப்பட்டுத் திறந்த படங்கள். திறந்தால் தழும்பு மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, நீயும் அதோடு சேர்ந்து ஒளிந்துகொள்கிறாய். எனக்கு மூடிய கண் வேண்டும். கண்ணை மூடி ஒரு படம். முடிந்தால் தூங்கும்போது எடுத்தது. நீயே எடுக்க முடியாது, தோழியை எடுக்கச் சொல். வெளிச்சம் நன்றாக இருக்கட்டும், மேலே எதுவும் பூச வேண்டாம். சிவப்பு இருந்தால் சிவப்போடு, தடிப்பு இருந்தால் தடிப்போடு, நூலளவு திறந்திருந்தால் அந்த நூலோடு.

பார்த்துவிட்டுக் குறை சொல்ல மாட்டேன். பட்டறைக்கும் எடுத்துப் போக மாட்டேன், ஏற்கெனவே ஒரு தட்டு போயிற்று. தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அப்பா கேட்டால் அவருக்கும் காட்டுவேன், அவர் அழுவார், அதை உனக்கு எழுத மாட்டேன்.

அந்தத் தேதிக்கு முன்னால் அது என் கைக்கு வந்துவிட வேண்டும். அவர்கள் மறுபடி தொடுவதற்கு முன்னால் நான் ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்து முடிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரைக்கும் தேதியைத் தள்ளி வை. நான் பார்த்து முடித்துவிட்டேன் என்று எழுதுகிறேன். அப்போது உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய், நானே உன்னோடு வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொட்டு மருந்து போட்டுக்கொள். விளக்கை அணை. முழுசாக மூடாவிட்டாலும் பரவாயில்லை, தூங்கு, கண்ணு. நான் விரலை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
அம்மா